ஏடிசி இன்புட் வகைகளை டிரைவர் எழுதுபவருக்கு ஆவணப்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒருவர் போர்டு வடிவமைக்கிறார். அதற்கு லினக்ஸ் டிரைவர் (சிப்போடு பேசும் மென்பொருள்) எழுதப்போகிறவர் இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் இருப்பார், இல்லையென்றால் பெங்களூரில் இருப்பார். இருவருக்கும் நடுவே கைமாறும் குறிப்பில் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் சிப்) பற்றி இருப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: “16 பிட், 4 சேனல், டிஃபரன்ஷியல்.” இந்த வரியை வைத்து டிரைவர் எழுத முடியாது. எழுதினால் பாதி வோல்டேஜ் காட்டும், அல்லது பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டிய எண் திடீரென்று மேல்முனையில் போய் நிற்கும்.

அந்த ஒரு வரிக்குப் பதிலாக என்ன எழுதித் தர வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். எடுத்துக்காட்டுகளை லினக்ஸில் ஏடிசி, சென்சார் போன்றவற்றைக் கையாளும் ஐஐஓ பிரிவை மனதில் வைத்துச் சொல்கிறேன். சின்ன மைக்ரோகண்ட்ரோலரில் நேரடியாகக் குறியீடு எழுதுபவர்களுக்கும் கணக்கு இதேதான்.

டிரைவர் எழுதுபவருக்கு உண்மையில் என்ன வேண்டும்

சிப்பிலிருந்து வரும் வெறும் எண்ணை ஐஐஓ ‘ரா’ என்கிறது. அதை வோல்டேஜாக்கும் விதி இது: ரா எண்ணோடு ஆஃப்செட்டைக் கூட்டு, வந்ததை ஸ்கேலால் பெருக்கு, விடை மில்லிவோல்ட்டில் இருக்கும். கூட்டல் முதலில், பெருக்கல் பிறகு. ஆகவே ஆஃப்செட் மில்லிவோல்ட்டில் இருக்காது. ரா எண்ணின் அளவிலேயே இருக்கும். இதைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம், எனவே ஆவணத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேல், ஆஃப்செட், ரா எண்ணுக்குக் குறி உண்டா இல்லையா, சேனலின் பெயர் ஆகிய நான்கையும் தீர்மானிப்பது இன்புட் வகை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாத வரி டிரைவர் ஆவணத்துக்குத் தேவையில்லை. சிப் எத்தனை மைக்ரோவாட் மிச்சப்படுத்தும் என்பது விற்பவர் கவலை.

முதல் படி: இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள்

குழப்பத்துக்கெல்லாம் வேர், இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாக்கிக் கேட்பது.

முதல் கேள்வி: எதைப் பொறுத்து அளக்கிறோம்? வைகை அணை 71 அடியை எட்டியது என்று செய்தி வந்தால், அது கடல்மட்டத்திலிருந்து 71 அடி அல்ல, அணைக்கென்று வைத்த சுழியத்திலிருந்து என்று மதுரையில் எல்லாருக்கும் தெரியும். வோல்டேஜும் அப்படித்தான். அளவு எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில்தான். இரண்டாவது புள்ளி சிப்பின் கிரவுண்ட் என்றால் சிங்கிள்-எண்டட். அது தன்னிச்சையாக ஏறி இறங்கக்கூடிய இன்னொரு பின் என்றால் டிஃபரன்ஷியல். தனிப் பின்தான், ஆனால் ஏறக்குறைய அசையாமல் ஒரே வோல்டேஜில் நிற்க வேண்டும் என்றால் சூடோ-டிஃபரன்ஷியல்.

இரண்டாவது கேள்வி: விடை மைனஸில் வரலாமா? வரலாம் என்றால் பைபோலார், வராது என்றால் யுனிபோலார்.

மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு வகைகள். ஆவணத்தில் “டிஃபரன்ஷியல்” என்று மட்டும் எழுதுவது ஆறில் எதையும் குறிக்காது. “டிஃபரன்ஷியல், பைபோலார்” என்று இரண்டு சொல்லும் சேர்ந்தே வர வேண்டும்.

இரண்டாவது படி: டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தைத் தாண்டுங்கள்

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பி ஆவணம் எழுதாதீர்கள். மின் குணங்கள் பட்டியலில் அனலாக் இன்புட் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே பொதுவாக மூன்று வரிகள் கிடைக்கும்: முழு அளவு வீச்சு, ஒவ்வொரு பின்னிலும் கிரவுண்டைப் பொறுத்து அனுமதிக்கும் வோல்டேஜ், டிஃபரன்ஷியல் சிப் என்றால் காமன்-மோட் வீச்சு, அதாவது இரண்டு பின்களும் சேர்ந்து எந்த வோல்டேஜில் நிற்கலாம் என்பது. மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஏடிஎஸ்1115 நல்ல சாட்சி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இந்த 16 பிட் சிப் கல்லூரி புராஜெக்ட்டில் தொடங்கி வயல் மோட்டார் பெட்டி வரை எங்கும் இருக்கிறது. அதன் முழு அளவு வீச்சை ±6.144 வோல்ட்டிலிருந்து ±0.256 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளலாம். ±6.144 என்று பார்த்ததும் பின்னில் மைனஸ் 6 வோல்ட் கொடுக்கலாம் என்று நினைத்தால் சிப் போய்விடும். எந்தப் பின்னும் கிரவுண்டுக்குக் கீழே 0.3 வோல்ட்டையும், சப்ளைக்கு மேலே 0.3 வோல்ட்டையும் தாண்டக் கூடாது. 3.3 வோல்ட் சப்ளையில் ஓடும் போர்டில் ±6.144 என்பது கணக்குக்கான வீச்சு மட்டுமே.

அனலாக் டிவைசஸின் ஏடி7124-உம் அப்படியே. அதில் சேனலை பைபோலாராக அமைக்கலாம், ஆனால் சிப்பின் கீழ் சப்ளைக்குக் கீழே பின் இறங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. பிளஸ் பின்னைவிட மைனஸ் பின் உயரமாக இருக்கலாம், வித்தியாசம் மைனஸில் வரும், அவ்வளவுதான்.

நிஜமாகவே கிரவுண்டுக்குக் கீழே போகவிடும் சிப்புகளும் உண்டு. ஏடி7606 ஒற்றை 5 வோல்ட் சப்ளையில் ஓடிக்கொண்டே ±10 வோல்ட், ±5 வோல்ட் சிக்னலை எட்டு சேனல்களில் ஒரே நேரத்தில் எடுக்கும். மின்பாதைக் கண்காணிப்பில் அதைப் பார்க்கலாம். அது சிங்கிள்-எண்டட் பைபோலார்.

ஆக “பைபோலார்” என்று எழுதும்போது கூடவே ஒரு வாக்கியம் வேண்டும்: மைனஸாக இருப்பது வித்தியாசமா, பின்னின் வோல்டேஜா? டிரைவர் கணக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். போர்டைச் சோதிக்கிறவர் கையில் இருக்கும் சிப்புக்கு அது உயிர்ப் பிரச்சினை.

மூன்றாவது படி: ஒவ்வொரு வகையையும் எழுதும் விதம்

சிங்கிள்-எண்டட் யுனிபோலார் எளிது. 0-விலிருந்து ரெஃபரன்ஸ் வோல்டேஜ் (சிப் ஒப்பிட்டு அளக்கும் அளவுகோல் வோல்டேஜ்) வரை. 10 பிட் எம்சிபி3008-க்கு 5 வோல்ட் ரெஃபரன்ஸ் கொடுத்தால் ஸ்கேல் 5000-ஐ 1024-ஆல் வகுத்து 4.8828 மில்லிவோல்ட். ஆஃப்செட் இல்லை. ரா 512 வந்தால் 2500 மில்லிவோல்ட். இந்த வகைக்கு இரண்டு வரி போதும்.

டிஃபரன்ஷியல் பைபோலார் வகையில்தான் இரண்டால் பெருக்கும் அல்லது வகுக்கும் தகராறு வரும். வீச்சு மைனஸ் ரெஃபரன்ஸிலிருந்து பிளஸ் ரெஃபரன்ஸ் வரை என்றால் மொத்த அகலம் ரெஃபரன்ஸைப் போல் இரு மடங்கு. 16 பிட்டில் 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு ஸ்கேல் 5000-ஐ 65536-ஆல் வகுத்தது. அதையே 2500-ஐ 2-இன் 15-ஆம் அடுக்கால் வகுத்தது என்றும் எழுதலாம். “15-ஆம் அடுக்கு, 16 அல்ல” என்று ஆவணத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஐஐஓ டிரைவர்கள் ஸ்கேலைப் பெரும்பாலும் இந்தப் பின்ன வடிவிலேயே தருவதால், எழுதுபவர் உங்கள் வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வார்.

டிஃபரன்ஷியல் யுனிபோலார் அரிது. பிளஸ் பின் எப்போதும் மைனஸ் பின்னுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும் என்ற உறுதியோடு பயன்படுத்துவது. ஏடி7124 போன்ற சிப்பில் பைபோலார் அமைப்பை அணைத்தால் இது கிடைக்கும்.

இனி சூடோ-டிஃபரன்ஷியல். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

எம்சிபி3008-இன் எட்டு பின்களை நான்கு ஜோடிகளாகவும் பயன்படுத்தலாம். படித்தவுடன் டிஃபரன்ஷியல் என்று தோன்றும். ஆனால் அதன் மைனஸ் பின் கிரவுண்டிலிருந்து மேலும் கீழும் 100 மில்லிவோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பிளஸ் பின் மைனஸ் பின்னைவிடக் கீழே போனால் விடை மைனஸில் வராது, வெறும் 0 வரும். அதாவது சூடோ-டிஃபரன்ஷியல் யுனிபோலார். எது பிளஸ், எது மைனஸ் என்பதை 0–1, 1–0 என்று இரண்டு வரிசையிலும் தேர்ந்தெடுக்க சிப் இடம் கொடுக்கிறது. லினக்ஸ் டிரைவரிலும் இரண்டு வரிசைக்கும் தனித்தனி சேனல்கள் உண்டு. எந்தத் திசையில் வித்தியாசம் வரும் என்று முன்கூட்டித் தெரியாதவர் இரண்டையும் படித்துப் பார்க்க வேண்டும்.

மேலூர் பக்கம் ஒரு கிணற்றில் நீர்மட்ட சென்சார் வைத்திருப்பதாகக் கொள்வோம். 4–20 மில்லிஆம்ப் வெளியீட்டை 250 ஓம் ரெசிஸ்டரில் விட்டால் 1–5 வோல்ட். ரெசிஸ்டரின் கீழ்முனையை மைனஸ் பின்னில் இணைத்திருக்கிறார்கள். மோட்டார் ஓடும்போது அந்த முனைக்கும் சிப்பின் கிரவுண்டுக்கும் இடையே 300 மில்லிவோல்ட் ஏறினால், சிங்கிள்-எண்டட் அளவில் அது அப்படியே தவறாகக் கூடும். உண்மையான டிஃபரன்ஷியல் சிப்பில் அது கழிந்துவிடும். எம்சிபி3008-இலோ வரம்பையே தாண்டிவிட்டது, விடை எதற்கும் உத்தரவாதம் இல்லை. “டிஃபரன்ஷியல்” என்று மட்டும் எழுதி வைத்த ஆவணம் இந்த இடத்தில் ஆளைக் கிணற்றில் தள்ளிவிடும். மைனஸ் பின்னின் வரம்பை எண்ணாக எழுதுங்கள்.

சூடோ-டிஃபரன்ஷியல் பைபோலாரில் மைனஸ் பின் வழக்கமாக ரெஃபரன்ஸின் பாதியில் நிற்கும். 5 வோல்ட் ரெஃபரன்ஸ், மைனஸ் பின் 2.5 வோல்ட்டில், பிளஸ் பின் 0-விலிருந்து 5 வரை ஆடும், வித்தியாசம் ±2.5 வோல்ட். இங்கே வீச்சின் மொத்த அகலம் 5 வோல்ட்தான், 10 அல்ல. 16 பிட்டில் ஸ்கேல் 0.076294 மில்லிவோல்ட். ஐஐஓவில் இதை ஒற்றை சேனலாகக் காட்டி, நிலையான மைனஸ் வோல்டேஜை ஆஃப்செட்டில் சேர்த்துவிடுவது வழக்கம். 2500-ஐ ஸ்கேலால் வகுத்தால் ஆஃப்செட் 32768. ரா 0 வந்தால் 2500 மில்லிவோல்ட், ரா −32768 வந்தால் 0. படிப்பவருக்குக் கிடைப்பது பிளஸ் பின் கிரவுண்டைப் பொறுத்து எவ்வளவு என்பதே. ஆகவே மைனஸ் பின்னுக்கு வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது, எந்த ரெகுலேட்டர், எத்தனை வோல்ட் என்பது டிரைவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று வகையும் ஒரே குடும்பத்தில் வருவதைப் பார்க்க ஏடி7380 வரிசை நல்ல இடம். ஏடி7380, ஏடி7381 முழு டிஃபரன்ஷியல். ஏடி7383, ஏடி7384 சூடோ-டிஃபரன்ஷியல். ஏடி7386-இலிருந்து மூன்று சிப்புகள் சிங்கிள்-எண்டட். எல்லாவற்றுக்கும் லினக்ஸில் ஒரே டிரைவர். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஆவணம் எழுதும்போது சிப் வாரியாக வகையைச் சொல்லுங்கள், குடும்பத்துக்கு மொத்தமாக அல்ல.

நான்காவது படி: எண்ணின் வடிவத்தை வகையோடு கலக்காதீர்கள்

பைபோலார் என்றால் டூஸ் காம்ப்ளிமென்ட் (மைனஸ் எண்களை மேல் பிட் 1 ஆக எழுதும் முறை) என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அது சரியல்ல. ஏடி7606 டூஸ் காம்ப்ளிமென்ட் தருகிறது. ஏடி7124 பைபோலாரில் ஆஃப்செட் பைனரி தருகிறது: எல்லாம் 0 என்றால் கீழ்முனை, நடு எண் 8388608 என்றால் பூஜ்ய வோல்ட். அதற்கு ஐஐஓ ஆஃப்செட் −8388608. எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலரின் உள்ளே இருக்கும் 12 பிட் ஏடிசியும் டிஃபரன்ஷியல் நிலையில் நடு எண் 2048-ஐத்தான் பூஜ்யமாக வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏடிஎஸ்1115-இல் ஒரு பின்னை கிரவுண்டைப் பொறுத்து அளந்தால் அது சிங்கிள்-எண்டட். 0-விலிருந்து 32767 வரை பாதி எண்கள்தான் பயன்படும், 16 பிட் உண்மையில் 15 ஆகிவிடும். ஆனாலும் பின் கிரவுண்டில் இருக்கும்போது சிப்பின் சிறு பிழையால் −1, −2 என்று வரலாம். யுனிபோலார்தானே என்று குறியில்லாத எண்ணாகப் படித்தால் −1 என்பது 65535 ஆகிவிடும். வகை யுனிபோலாராக இருந்தாலும் எண்ணுக்குக் குறி உண்டு என்று தனி வரியில் எழுத வேண்டிய சிப் இது.

எந்த வடிவமாக இருந்தாலும் விளக்கத்தோடு நிறுத்தாமல் ஐந்து புள்ளிகளின் சிறு அட்டவணை கொடுங்கள்: கீழ்முனை, பூஜ்யத்துக்கு ஒன்று கீழே, பூஜ்யம், பூஜ்யத்துக்கு ஒன்று மேலே, மேல்முனை. ஒவ்வொன்றுக்கும் ரா எண்ணும் மில்லிவோல்ட்டும். டிரைவர் எழுதுபவர் அந்த ஐந்தையும் அப்படியே சோதனையாக எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாவது படி: மல்லிகைத் தராசை வைத்து ஒரு முழுக் கணக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வைக்கும் எலெக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறும்போது கிராம் கணக்கில்தான் சண்டை வரும்.

40 கிலோ லோட் செல் (எடையைச் சிறு வோல்டேஜாக்கும் சென்சார்), வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் வெளியீடு, 5 வோல்ட் ஊட்டம். முழு எடை ஏறினால் வித்தியாசம் 10 மில்லிவோல்ட். ஒரு கிராமுக்கு 0.25 மைக்ரோவோல்ட். இரண்டு சிக்னல் கம்பிகளும் 2.5 வோல்ட் பக்கம் நிற்கும். எடை ஏற ஒன்று 5 மில்லிவோல்ட் மேலே போகும், மற்றது 5 மில்லிவோல்ட் கீழே வரும். ஒரு கம்பியை மட்டும் 0–5 வோல்ட், 16 பிட், சிங்கிள்-எண்டட் ஏடிசியில் கொடுத்தால் 40 கிலோவுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறக்குறைய 65 படிகள். ஒரு படிக்கு 600 கிராமுக்கு மேல். அந்தத் தராசை எந்த வியாபாரியும் வாங்க மாட்டார்.

ஆகவே எச்எக்ஸ்711 போன்ற 24 பிட் டிஃபரன்ஷியல் சிப். 128 மடங்கு கெயினில் (பெருக்கத்தில்), 5 வோல்ட் சப்ளையில் அதன் வீச்சு ±19.53 மில்லிவோல்ட், டேட்டாஷீட் ±20 என்று முழுதாக்கிச் சொல்கிறது. 19.53 மில்லிவோல்ட்டை 8388608-ஆல் வகுத்தால் ஒரு படி 2.33 நானோவோல்ட். கிராமுக்கு நூற்றுக்கு மேற்பட்ட படிகள். இரைச்சல் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், ஆனாலும் போதும்.

பூத் தட்டு ஏறுமுகம்தானே, யுனிபோலார் என்று எழுதினால் என்ன? தட்டை எடுத்துவிட்டால் முன்பு வைத்த பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், அசெம்ப்ளியில் பச்சை, வெள்ளை சிக்னல் கம்பிகள் மாறி இணைந்திருக்கலாம். குறியில்லாமல் படித்தால் −1 என்பது 16777215 ஆகித் திரையில் முழு எடைக்கும் மேலே காட்டும். பைபோலார் என்று எழுதுங்கள்.

இந்த சிப்புக்கு ஆவணத்தில் சேர வேண்டிய இன்னொரு வரி: வீச்சு அனலாக் சப்ளையைப் பொறுத்தது. சப்ளை 5 இல்லாமல் 3.3 என்றால் ஸ்கேலும் மாறும். லினக்ஸ் டிரைவர் இதற்காகவே அந்த ரெகுலேட்டரின் வோல்டேஜைக் கேட்டு வாங்குகிறது. காமன்-மோட் வரம்பும் எழுதுங்கள்: கீழே கிரவுண்டிலிருந்து 1.2 வோல்ட் மேலே, மேலே சப்ளையிலிருந்து 1.3 வோல்ட் கீழே. லோட் செல் நடுவில் நிற்பதால் பிரச்சினை இல்லை. வேறு சென்சாரை மாட்டுபவருக்கு இருக்கும்.

ஆறாவது படி: டிவைஸ் ட்ரீக்கும் சேனல் பெயருக்கும் தேவையானவை

வன்பொருளின் இணைப்பை லினக்ஸுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ. ஏடிசிகளுக்குப் பொதுவான பண்புகள் அதில் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. புதிதாகப் பெயர் கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டு பின் ஜோடிக்கு ‘டிஃப்-சேனல்ஸ்’, முதலில் வருவது பிளஸ். ஒற்றைப் பின்னுக்கு ‘சிங்கிள்-சேனல்’. சூடோ-டிஃபரன்ஷியலில் எல்லாருக்கும் பொதுவான மைனஸ் பின்னுக்கு ‘காமன்-மோட்-சேனல்’. மைனஸ் விடை வரும் என்றால் ‘பைபோலார்’.

பயனர் பக்கத்தில் ஒற்றை சேனல் வோல்டேஜ்0 என்றும், டிஃபரன்ஷியல் ஜோடி வோல்டேஜ்0–வோல்டேஜ்1 என்றும் கோப்புப் பெயரில் தெரியும். ஒருமுறை வெளியான பெயரை மாற்றினால் அதை நம்பி எழுதிய நிரல்கள் உடையும். எனவே வகையைத் தீர்மானிக்காமல் டிரைவரை வெளியே அனுப்ப அவசரப்படுத்தாதீர்கள், மேனேஜர் எத்தனை முறை போன் செய்தாலும்.

போர்டில் எது நிலையானது, எதை ஓடும்போது மாற்றலாம் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். கம்பி எந்தப் பின்னில் இருக்கிறது என்பது டிவைஸ் ட்ரீக்கு. கெயின் எவ்வளவு என்பது ஓடும்போது மாறலாம். கெயின் மாறினால் ஸ்கேல் மாறும்.

ஏழாவது படி: எழுதியதை மேசையில் சரிபாருங்கள்

பெரிய கருவி தேவையில்லை. ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, சில ரெசிஸ்டர்கள், ஒரு பொட்டன்ஷியோமீட்டர், மல்டிமீட்டர்.

பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்து, அனுமதித்த வோல்டேஜில் நிறுத்துங்கள். வரும் எண்தான் பூஜ்யம். அட்டவணையில் உள்ள பூஜ்யத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பிறகு பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த சிறு வோல்டேஜைக் கொடுத்து மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். சரியாகப் பாதியோ இரு மடங்கோ வந்தால் அடுக்கு ஒன்று தவறியிருக்கிறது. கம்பிகளை மாற்றிப் போடுங்கள். குறி மாறினால் பைபோலார், 0-வில் ஒட்டிக்கொண்டால் யுனிபோலார்.

கடைசியாக, இணைத்த இரண்டு பின்களையும் பொட்டன்ஷியோமீட்டரால் கிரவுண்டிலிருந்து சப்ளை வரை மெல்ல ஏற்றுங்கள். உண்மையான டிஃபரன்ஷியல் சிப் காமன்-மோட் வீச்சு முழுவதும் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சூடோ-டிஃபரன்ஷியல் சிப் தன் குறுகிய எல்லையைத் தாண்டியதும் நழுவலாம். எந்த வோல்ட்டில் நழுவியது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆவணத்தில் வரம்பாக டேட்டாஷீட் எண்ணையே எழுதுங்கள். உங்கள் மேசையில் இருப்பது ஒரே ஒரு சிப்.

நிரப்பிய மாதிரி

ஏடிஎஸ்1115-இன் ஒரு ஜோடிக்கு நான் எழுதித் தருவது இப்படி இருக்கும்:

“சேனல்: பின் 0 பிளஸ், பின் 1 மைனஸ். வகை: டிஃபரன்ஷியல், பைபோலார். மைனஸாவது வித்தியாசம் மட்டுமே. எந்தப் பின்னும் கிரவுண்டுக்குக் கீழே 0.3 வோல்ட்டையும் சப்ளைக்கு மேலே 0.3 வோல்ட்டையும் தாண்டக் கூடாது. எண்: 16 பிட், டூஸ் காம்ப்ளிமென்ட். ±2.048 வோல்ட் வீச்சில் ஸ்கேல் 0.0625 மில்லிவோல்ட், அதாவது 2048-ஐ 2-இன் 15-ஆம் அடுக்கால் வகுத்தது. ஆஃப்செட் இல்லை. ரெஃபரன்ஸ் சிப்புக்குள்ளேயே இருப்பதால் சப்ளை மாறினாலும் ஸ்கேல் மாறாது. வீச்சை மாற்றினால் ஸ்கேல் மாறும்.”

இதோடு ஐந்து புள்ளி அட்டவணையும், ரீசெட்டுக்குப் பிறகு சிப் எந்த நிலையில் இருக்கும் என்ற ஒரு வரியும். அந்த வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏடிஎஸ்1115 ரீசெட்டானதும் பின் 0-க்கும் பின் 1-க்கும் இடையிலான வித்தியாசத்தை, ±2.048 வோல்ட் வீச்சில் அளக்கும் நிலைக்கு வந்துவிடும். எந்தப் பின்னை அளப்பது என்று தேர்வுசெய்யும் மக்ஸ் பிட்டுகளைத் தொடாமல் அளவைத் தொடங்கிவிட்டு, பின் 0-இன் வோல்டேஜ் ஏன் பின் 1-ஐத் தொட்டால் மாறுகிறது என்று டிரைவர் எழுதுபவர் அரை நாள் தேடுவதைத் தவிர்க்க அந்த ஒரு வரி போதும்.